மழை நின்றதும் புயல் நின்றதும்

நம் வானிலை ஆபீஸில் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களுக்கு என்னைச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலே வானத்தை அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளியவன் நான். சரியாகச் சொன்னதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. தப்பாகச் சொன்ன எதையும் என் மனைவி மறக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள், "நாளைக்கு மழை கிடையாது, பந்தலுக்கு இவ்வளவு கீற்று எதற்கு?" என்று மாமனாரிடம் அடித்துச் சொன்னவன் நான். தாலி கட்டும்போது ஐயர் குடைக்குள் இருந்தார். நான் இல்லை.

கருவிகளைப் பற்றி எழுத மாட்டேன். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுத வந்தது ஒரு சொல்லைப் பற்றி.

உங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். ஒரு பக்கம் குளிர்ந்த காற்று, மறு பக்கம் சூடான காற்று. இரண்டும் முட்டிக்கொண்டு, யாரும் யாருக்கும் வழி விடாமல் நிற்கும். மேல்நாட்டில் அப்படி நிற்கிற இடத்தில் நாள்கணக்கில் பெய்துகொண்டே இருக்குமாம். நம் திருச்சிக்கு அந்த மோதல் வருவதில்லை. நமக்கு வருவது, ஐப்பசி கார்த்திகையில் கடலில் கிளம்பிக் கரைப்பக்கம் வந்து, அப்புறம் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றுபோகும் தாழ்வு மண்டலம். குணம் இரண்டுக்கும் ஒன்றுதான். நகர்ந்து வருகிற புயல் என்றால் ஊர் பயப்படும். நிற்கிறது என்றால் பயப்படாது. ஆனால் நகர்வது அடித்துவிட்டுப் போய்விடும். நிற்பது, ஊற்றிய இடத்திலேயே திரும்பத் திரும்ப ஊற்றும்.

தலைமை ஆபீஸ் தந்தியில் இப்படி நகராமல் நிற்பதற்கு ஒரே வார்த்தை: ஸ்டேஷனரி. நான் சேர்ந்த முதல் மாதம் 'டிப்ரஷன் ஸ்டேஷனரி' என்று ஒரு தந்தி வந்தது. எனக்கு மேலே ஒருவர் இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றி நிறையத் திருமண், ஆபீஸில் நாங்கள் இரண்டே பேர்தான். தந்தியை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். "சார், பேப்பர் பென்சில் எல்லாம் அனுப்பறாங்க போலிருக்கு. எங்க இறக்கி வைக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓய், பென்சில் வரல்லை. மழை வரப்போறது. நீர் போய்க் குடையை எடுத்து வையும்."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் நான் செய்தது அது. சிரித்துக்கொள்ளுங்கள். அர்த்தம் தெரிந்த பிறகு செய்ததுதான் இனிமேல் வருவது.

அதற்கு நாலைந்து வருஷம் கழித்து ஒரு கார்த்திகை. மூன்று நாளாக விடாத மழை. முதல் நாளே தலைமை ஆபீஸிலிருந்து எச்சரிக்கை வந்து, கொள்ளிடப் படுகையில் குடியிருப்பவர்கள் மேட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தமுக்கு அடித்தாகிவிட்டது. படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கிற தாழ்ந்த நிலம். கோரை அறுப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் என்று முப்பது நாற்பது குடிசைகள் அங்கே இருந்தன. எல்லோரும் சட்டி பானையோடு வந்து கரைமேல் ஒரு கல்மண்டபத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

அவர்களைக் கூப்பிட்டுக் கொண்டுவந்தவர் தமுக்கு அடிக்கிற ரெங்கன். அவர் குடிசையும் படுகையில்தான் இருந்தது. முறைப்படி தாலுகா குமாஸ்தா எங்கள் ஆபீஸுக்கு வந்து சேதியை எழுதி வாங்கிப்போய் ரெங்கனிடம் கொடுக்க வேண்டும். மழை நாளில் குமாஸ்தா நனைய மாட்டார். ரெங்கனையே நேராக அனுப்பிவிடுவார். ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலம் தாண்டி, எங்கள் ஆபீஸ் இருந்த கன்டோன்மென்ட் வரைக்கும் நடந்தே வருவார் மனிதர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் 'வா ரெங்கா' என்பேன். அவர் 'வரேனுங்க' என்பார். அந்தக் காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிவாக்கில் மழை வெறித்தது. மூன்று நாளில் முதல் தடவையாக வெயில் கூட எட்டிப் பார்த்தது. என் மேலதிகாரி அன்று வரவில்லை. ஆபீஸில் நான் ஒருவன்தான். அப்போதுதான் தந்தி வந்தது. தாழ்வு மண்டலம் கரைக்கு அருகே ஸ்டேஷனரி, மாற்றமில்லை. இவ்வளவுதான். புயல் நகராமல் நிற்கிறது, முதல் நாள் கொடுத்த எச்சரிக்கை அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். வெயிலைப் பார்த்து ஏமாறாதே என்றும் அர்த்தம். இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குத் தமிழ்க் கிறுக்கு கொஞ்சம் உண்டு. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன். யாரும் கேட்காமலேயே தந்திகளை அழகான தமிழில் ஆக்குவதை நானே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் உட்கார்ந்து, 'வங்கக் கடலின்கண் உருவாகிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலமானது கரையை அணுகி ஆங்கே நின்றுவிட்டது. நிலைமையில் மாற்றம் ஏதுமில்லை' என்று எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்து, நானே ரசித்தும் கொண்டேன்.

சேதி வாங்க வந்திருந்த ரெங்கன் ஆபீஸ் பின்கட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, ஈரத்தில் தொய்ந்துபோன தமுக்கைத் தணலில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, இதை நான் மனப்பாடம் பண்றதுக்குள்ள கோடையே வந்துடும். நடுவுல மூச்சு விடக்கூட இடமில்லீங்களே. சின்னதா சொல்லுங்க."

"சின்னதான்னா... கரைகிட்ட வந்து நின்னுடுச்சு. மாற்றம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"நின்னுடுச்சுங்களா?"

"ஆமாய்யா, நின்னுடுச்சு."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "நல்ல சேதி சொன்னீங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டு, எழுதிய தாளை வாங்கி மடியில் செருகி, தமுக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். அந்தச் சிரிப்பு என் தமிழுக்காக என்று நான் நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் மழை திரும்ப வந்தது. முந்தின மூன்று நாளும் பெய்ததெல்லாம் ஒத்திகை என்பது போல வந்தது. இரண்டரை மணி இருக்கும், காதர் பாயின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. பாலக்கரைக்காரர், எங்கள் மேலதிகாரியைத் தினம் ஏற்றி வருகிறவர். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி, மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். காய்ச்சலால் இன்று காலை வர இயலாது என்று எழுதியிருந்தது.

"காலைல வர முடியாதுன்னு மத்தியானம் கொண்டாந்து குடுக்கறீங்களே பாய்!"

"ஒங்க ஆளு எழுதினதே பன்னெண்டு மணிக்குத் தம்பி. அதை விடுங்க. நின்னுடுச்சுன்னு ஸ்ரீரங்கத்துல தமுக்குப் போட்டானே, அப்புறம் ஏன் இந்த ஊத்து ஊத்துது?"

நான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். "பாய், நின்னுடுச்சுன்னா மழை நின்னுடுச்சுன்னா அர்த்தம்? புயல் நின்னுடுச்சு. எங்கயும் நகராம நின்னுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அது நின்னா மழை நிக்காது."

காதர் பாய் சிரிக்கவில்லை. "அப்படியா சேதி? அங்க ஒருத்தனுக்கும் அது தெரியாதே தம்பி. வெயிலும் அடிச்சுது, தமுக்கும் அடிச்சுது. மண்டபத்துல இருந்த சனமெல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டுப் படுகைக்கு இறங்கிருச்சே. நான் கண்ணால பார்த்துட்டுத்தானே வரேன்."

வாயில் இருந்த சிரிப்பு எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தப்பு செய்தது காலையில். அதைக்கூட விட்டுவிடலாம், தெரியாமல் நடந்தது என்று என் மனசுக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தப்பு தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஜையில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்துத் திருத்தம் எழுத ஆரம்பித்தேன். 'முன்னர் அறிவிக்கப்பட்டதில்' என்று ஆரம்பித்து, 'முன்னர்' நன்றாக இல்லை என்று கிழித்தேன். இரண்டாவது தாளில் பழி என்மேல் விழாதபடி ஒரு வாக்கியம் அமைத்தேன். படித்துப் பார்த்தால் அது வேறு யாரோ செய்த தப்பு மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். நடுவில், ஐந்து மணிக்குக் கருவிகளின் ரீடிங்கை எடுக்காமல் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போகலாமா கூடாதா என்று ஒரு யோசனை. மூன்றாவது தாளில் பாதி எழுதியபோது காதர் பாய் வாசற்படியிலிருந்து கேட்டார்.

"எழுதி முடிச்சு ஆத்துக்கிட்ட காட்டப் போறீங்களா தம்பி? ஏறுங்க வண்டில."

ஏறினேன். அதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது.

காவேரிப் பாலத்தில் குதிரை நகர மறுத்தது. பாய் இறங்கி அதன் காதோடு என்னவோ பேசி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளினேன். கீழே ஆற்றின் நிறம் வழக்கமான நிறமில்லை. மேலே கரூர்ப் பக்கமும் இதே மழைதான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் எங்கே வந்து சேரும் என்பதும் தெரியும். தெரிந்ததெல்லாம் எனக்குள்ளேயே இருந்தது, அதுதான் கோளாறு.

கொள்ளிடக் கரையில் ஏறியபோது படுகை இல்லை. ஒரு பனைமரத்தின் பாதி தெரிந்தது, அங்கங்கே கூரைகளின் முதுகு தெரிந்தது. ஜனங்கள் மண்டபத்துக்குள்ளும் வெளியேயுமாக நனைந்துகொண்டு நின்றார்கள். தண்ணீரின் நிறம் மாறியதுமே பெரும்பாலோர் திரும்பி ஏறிவிட்டார்கள். ரெங்கன் கரையின் விளிம்பில் நின்று தமுக்கை அடித்துக்கொண்டிருந்தார். தோல் முழுக்க ஊறி, சத்தமே எழும்பவில்லை. சத்தம் வராத தமுக்கை அந்த மனிதர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களா ரெங்கா?"

"பூவாயி வரலீங்க" என்றார்.

பூவாயி அவர் மனைவி. முதல் நாள் அவசரத்தில் ஏறி வந்தபோது, குடிசையில் அடை உட்கார்ந்திருந்த கோழியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மூன்று நாளும் அதே பேச்சாம். பட்டினி கிடக்குமே, குஞ்சு பொரிக்கிற நாளாயிற்றே என்று. ரெங்கன்தான் அதட்டி மண்டபத்திலேயே உட்கார வைத்திருக்கிறார். அன்று மத்தியானம் மண்டபத்து வாசலில் நின்று 'நின்னுடுச்சு' என்று தமுக்கு அடித்தபோது, முதலில் எழுந்தவள் அவள்தான். "இப்பப் போலாமில்ல?" என்று கேட்டிருக்கிறாள். அவர்தான் "போயிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் குடிசைதான் எல்லாவற்றுக்கும் கடைசி, ஆற்றை ஒட்டி இருந்தது.

பரிசல்காரர்கள் இரண்டு பேர் இறங்கப் பார்த்தார்கள். இழுப்பைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். இருட்டுகிற வரைக்கும் நின்றோம். ரெங்கன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை கூடச் சொல்ல வரவில்லை. தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன்.

மூன்று நாள் கழித்துக் கீழே ஒரு மூங்கில் புதரில் பூவாயி கிடைத்தாள்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் விசாரணை. சப்ஜட்ஜ் மாதிரி ஒரு ரெவின்யூ அதிகாரி, நாற்காலி, மேஜை, விசிறிக்கு ஓர் ஆள். என் மேலதிகாரியும் காய்ச்சல் தெளிந்து வந்திருந்தார். உள்ளே போகும் முன் என்னைத் தனியாக அழைத்தார். அவர் கெட்டவரில்லை; என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார்.

"ஓய், நீர் எழுதினதுல பிழை இல்லை. ஸ்டேஷனரின்னா நின்றுவிட்டதுதான். எந்த அகராதியைப் புரட்டினாலும் அப்படித்தான் போட்டிருக்கும். கடுதாசுல தாழ்வு மண்டலம்னு தெளிவா இருக்கு. அதை விட்டுட்டுச் சொன்னது அவன். நீர் வாயைத் திறக்காம நில்லும், பெருமாள் பார்த்துப்பார்."

உள்ளே ரெங்கனை நிறுத்திக் கேட்டார்கள். "தாழ்வு மண்டலம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதை நீயாக ஏன் வெட்டினே? உன் சோம்பேறித்தனத்துக்கு ஊர் சாகணுமா? உன்னைத் தமுக்கு வேலையிலிருந்து ஏன் எடுக்கக்கூடாது?"

ரெங்கன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொன்னதைத்தான் சொன்னேனுங்க" என்றார். ஐயா சொன்னார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதிகாரி எழுத ஆரம்பித்துவிட்டார். பேனா போகிற சத்தம் கேட்டது. நான் உடனே பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. ஒரு வரி முழுக்க அவர் எழுதுகிற வரைக்கும் நின்றேன். என் வேலை, என் அம்மா, பார்த்து வைத்திருந்த பெண், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் மனசில் ஓடிற்று. அப்புறம்தான் வாய் திறந்தது.

"வெட்டினது நான்தான் சார். சின்னதா சொல்லச் சொன்னார், சொன்னேன். நின்னுடுச்சுங்களான்னு திருப்பியும் கேட்டார். ஆமான்னேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "யார் கேட்டார்?"

"ரெங்கன் சார்."

"கேட்டான்னு சொல்லும்" என்றார். பேனாவை எடுத்து எழுதியதை அடித்தார். என்மேல் ஒரு கண்டனக் கடிதம் வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் அது கடைசிவரை இருந்தது. ரெங்கனின் வேலை தப்பித்தது. இதில் என் வீரம் எதுவும் இல்லை. ஒரு வரி தாமதமான உண்மை. அதற்குமேல் அதைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. அதற்குள் ரெங்கனே கேட்டார்.

"ஐயா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நின்னுடுச்சுன்னா அப்ப என்னதாங்க அர்த்தம்?"

சொன்னேன். கடலோரத்தில் அது நகராமல் நிற்பதையும், நிற்கிற வரைக்கும் மழை விடாது என்பதையும் கையைக் காட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப, போகலன்னு சொல்லுங்க."

"என்ன?"

"'புயல் இன்னும் போகல.' அவ்வளவுதானுங்களே? அது எல்லாருக்கும் புரியுமே ஐயா."

மூன்று வார்த்தை. என் எல்லாத் தமிழும் தேடியும் எனக்குக் கிடைக்காதது.

அதற்கப்புறம் அந்தத் தந்தி வரும்போதெல்லாம் 'இன்னும் போகவில்லை' என்றுதான் எழுதினேன். கொச்சையாக இருக்கிறது, துறைக்குக் கௌரவமாக இல்லை என்று மேலேயிருந்து இரண்டு தடவை குறிப்பு வந்தது. மூன்றாவது தடவை எழுதியவர், 'இவருக்கு மொழிப் பயிற்சி தேவை' என்றே எழுதியிருந்தார். மனுஷர் தெரியாமல் சரியாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வேலையில் நல்ல கருவிகள் வந்துவிட்டன, நல்லது. ஆனால் நீங்கள் எழுதுவதை யாரோ ஒருவர் ஈரத்தில் நின்று கேட்கப்போகிறார். கேட்டவுடன் எழுந்து எங்கோ நடக்கப்போகிறார். நீங்கள் நினைத்த அர்த்தம் அவரோடு போகாது. காதில் விழுந்த அர்த்தம்தான் போகும். படித்துக் காட்டும்போது எதிரில் இருப்பவர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

அடுத்த கார்த்திகையிலும் ஒரு தாழ்வு மண்டலம் கரையோரம் வந்து நின்றது. ரெங்கன் வந்தார். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். எளிதாகத்தான் எழுதியிருந்தேன். புயல் இன்னும் போகல, வெயில் அடிச்சாலும் யாரும் படுகைக்கு இறங்கக் கூடாது என்று. அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். தாளை வாங்கிக்கொண்டு புறப்பட எழுந்தவர் நின்று, தலையைத் திருப்பாமலேயே கேட்டார்.

"ஐயா, இதைக் கேட்டா பூவாயி மேட்டுலயே இருந்திருப்பாளா?"

தாளைத் திரும்ப வாங்கி, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். யோசித்துவிட்டு, 'கோழி, ஆடு எதற்காகவும்' என்று நடுவில் சேர்த்தேன்.

படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.